ஈயக் காட்டில் பூத்த சூரியகாந்தி

மண்ணைச் சுத்தம் செய்கிறோம் என்றால் "சோப்பு எங்கே?" என்று கேட்கிற உலகத்தில்தான் எங்கள் பிழைப்பு. களப்பணி என்ற பெயரில் கரிசல் வெயிலில் காய்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற வழியில் யாரோ பழைய பேட்டரிகளை உருக்கினார்கள். பிறகு கொட்டகையை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஈயம் மட்டும் பக்கத்துக் காட்டில், அதாவது மானாவாரி விளைநிலத்தில், தங்கிவிட்டது. அங்கே சூரியகாந்தி விதைத்து ஈயத்தை உறிஞ்ச வைப்பதும், மிச்சம் பயிரில் ஏறாதபடி எலும்புத்தூள் போட்டு மண்ணோடு கட்டிவைப்பதும் என் வேலை.

எந்த ஈயம்?

காட்டுக்காரர் செல்லத்துரை அண்ணாச்சி. அவர் மனைவி ஜெபமணி அக்கா. முதல் நாளே ஈயத்தின் கெடுதல்களையெல்லாம் அவர்களிடம் ஒப்பித்தேன். ரசச் சொம்பில் இருப்பது வெள்ளீயம், இது காரீயம், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஈயச் சொம்புல வச்சாத்தான ரசம் மணக்கும்பாக? அப்ப இந்த மண்ணுல வெளஞ்ச எங்க தக்காளிக்குச் சொம்பே வேண்டாமா மேடம்?" என்றார்.

கல்யாண ஆல்பம்

சூரியகாந்தி பூத்ததும் ஊரே செல்போனோடு வந்துவிட்டது. விதையைக் கொறித்துவிடப் போகிறார்களே என்று, 'நச்சு நிலம், எதையும் தின்னாதீர்கள்' என்று பெரிய போர்டு வைத்தோம். மறுநாள் பட்டுச்சேலையில் ஒரு புதுப்பெண், கூலிங்கிளாஸில் மாப்பிள்ளை, கூடவே போட்டோகிராபர். போர்டைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போட்டோகிராபர் என்னிடம் வந்தார்:

"போர்டக் கொஞ்சம் அங்கன தள்ளி வைங்க மேடம். பொண்ணு தலைக்கு மேல 'நச்சு'ன்னு விழுது."

அதிகாரியின் யோசனை

திட்டத்தைப் பார்வையிட ஒரு பெரிய அதிகாரி வந்தார். காரைவிட்டு இறங்காமலே காட்டைப் பார்த்துப் பூரித்தார். ரசாயனம் உண்டா என்று கேட்டார். இல்லை, எலும்புத்தூளும் மக்கிய எருவும்தான் என்றேன்.

"அப்ப ஆர்கானிக் சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போடுங்கம்மா, ஏன் சும்மா இருக்கீங்க?"

கீரைப்பாத்தி

ஊரில் நடத்திய மருத்துவ முகாமில் அக்காவின் நாலு வயது மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். ஈயம் இருந்தது. முடிவைச் சொன்னபோது அக்கா அழவில்லை. நேரே வீட்டுப் பின்னால் போய், தளதளவென்று நின்ற கீரைப்பாத்தியை வேரோடு பிடுங்கிப் போட்டார். பக்கத்துவீட்டுப் பெண் ஓடிவந்து, "வீணாக்காத, எனக்காவது குடுக்கா" என்றாள். அக்கா கையை உதறிக்கொண்டு சொன்னார்:

"பச்சையா இருக்கேன்னு நம்பித்தான் என் பிள்ளைக்கு ஊட்டுனேன். ஒன் பிள்ளைக்கு வேண்டாம்ட்டி."

அறுவடை

ஈயம் குடித்த செடியை எரிக்கக் கூடாது, மாட்டுக்குப் போடக் கூடாது. வெட்டி மூட்டை கட்டினோம். பயிரைப் பார்க்கிற அலுவலகம், "இது கழிவு, எங்களுக்கு வராது" என்றது. கழிவைப் பார்க்கிற அலுவலகம், "இது செடியாச்சே" என்றது. அதை அப்புறப்படுத்த அனுமதி கேட்டு அண்ணாச்சி என்னோடு இரண்டுக்கும் மாறி மாறி அலைந்தார். ஒருவழியாக லாரி வந்து மூட்டைகள் போயின. அடுத்த பரிசோதனையில் பிள்ளைக்கு ஈயம் குறைந்திருந்தது. காடு தேறத்தான் இன்னும் பல வருஷம் ஆகும். அதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்தார்:

"பாழாக்குனவன் ஒருத்தன்கிட்டயும் கேக்காமப் போயிட்டான். சுத்தம் பண்ணுத எனக்கு மட்டும் ஏம்மா இத்தன அனுமதி?"

இத்தனை பேர் கூடி நடத்திய திட்டத்தில், மறுபேச்சு பேசாமல் கொடுத்த வேலையைச் செய்தது சூரியகாந்தி மட்டும்தான்.