குரோட்டன்ஸ் என்று பேர் வைத்த கள்ளி

ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் பொலபொலவென்று கொட்டும். விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் போகாமல், முகர்ந்தால் பச்சை நெடி குமட்டும். திருகுகள்ளியின் பால் அது. இலை பேருக்குத்தான், பென்சில் பென்சிலாகப் பச்சைக் குச்சிகள், குச்சிக்கு மேல் குச்சி. இன்றைக்கும் எந்த வீட்டு வாசலில் அதைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் கடைசியில் வில்லாபுரத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் பெரிய ஆபீஸில் வேலை பார்த்த மிதப்பு இறங்காத மனுசன். அந்தக் காலத்தில் தொட்டியில் வைத்துக் காவி பூசிவிட்டால் எந்தச் செடியும் "குரோட்டன்ஸ்" ஆகிவிடும்; அது இருக்கிற வீட்டுக்குத் தனி மரியாதை. பெங்களூரிலிருந்து கொண்டுவந்து பொதுக்குழாய்ப் பக்கம் அவர் வரிசையாக வைத்த தொட்டிகளில் இருந்ததோ, செக்கானூரணிப் பக்கத்து வேலிகளில் ஆடுகூட வாய்வைக்காத அதே கள்ளி. அந்தப் பக்கம் பிறந்த என் அம்மா பார்த்த அன்றைக்கே சொன்னாள்: "அண்ணே, இது திருகுகள்ளி. புள்ளைக பொழங்குற எடம், வேணாம்ணே."

"பட்டிக்காட்டு ஆளுகளுக்கு எதப் பாத்தாலும் கள்ளிதான்" என்றார் அவர். காம்பவுண்டே சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

அந்தக் கோடை லீவில் ஐந்து வயதுத் தங்கச்சி செல்வி, சொப்பு விளையாட்டில் அந்தக் குச்சிகளை ஒடித்துப் போட்டுக் "கொழம்பு" வைத்தாள். பால் ஒட்டிய கையாலேயே இரண்டு கண்ணையும் கசக்கிவிட்டாள். வீறிட்டவளைக் குழாயடியில் பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டே, "கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும், ரிக்சாவக் கூப்பிடுங்க" என்று அம்மா கத்தினாள். வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "குரோட்டன்ஸ் பாலுக்கு எம்புட்டு ஆர்ப்பாட்டம்! தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா விடியுறதுக்குள்ள சரியாப் போயிரும்." படித்தவர் சொல்கிறாரே என்று அப்பாவும் தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா சங்கில் பால் பீய்ச்சித் தந்தாள். அம்மா பேச்சு எடுபடவில்லை.

காலையில் செல்வியால் இமையைத் திறக்க முடியவில்லை. பதறிக்கொண்டு ஓடினோம். என்ன செடி என்று டாக்டர் கேட்டதற்கு, அப்போதும் அப்பா, "குரோட்டன்ஸ்ங்க" என்றார். அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த குச்சியை எடுத்து மேசையில் வைத்தாள். "திருகுகள்ளி சார்."

"நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

வலது கண் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய எங்களிடம் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பெங்களூர்ச் செடிய இப்படிப் பிச்சுப் போட்டுட்டீங்களே?" என்பது. மனுசனா அவன்! அந்த மாதமே வீட்டைக் காலி செய்தோம்.

இப்போது அந்தக் காம்பவுண்டு இல்லை, அடுக்குமாடி நிற்கிறது. வேலியெல்லாம் பிளாட்டுக் கல்லாகிவிட்டது. கள்ளியைக் கண்டதும் பேர் சொல்ல அம்மாவும் இல்லை. போன தையில் வீட்டுக்காரர் செத்துப்போனார். செல்வி மாலை வாங்கிக்கொண்டு கேதத்துக்குக் கிளம்பினாள். "செத்தவுக மேல என்னண்ணே கோவம், வா" என்றாள். இடது பக்கம் வண்டி வந்தால் அவளுக்குத் தெரியாது. அதனால் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டேன். கேத வீட்டுப் படியில் நான் ஏறவில்லை.