அப்பாவின் இலையில் முட்டை பப்ஸ்

நாற்பத்தேழு வயதில், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அவருக்குப் பிடித்ததை இலையில் படைக்க வேண்டும். நாங்கள் குடியிருந்த ஓசூருக்குப் போய், பேக்கரியில் ரெண்டு முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு, காவேரிப்பட்டினம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அத்தை, அப்பாவின் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத வைக்காத. இந்தக் கருமத்தத் தின்னுதான்டி எந்தம்பி போனான். அங்க பாரு பெரிய தாத்தாவ. களி தின்ன ஒடம்பு. நூறு தாண்டியும் கல்லு மாதிரி குந்தினு இருக்காரு.”

பெரிய தாத்தா, அத்தையின் அப்பாவுக்கு அண்ணன். பதினாறு நாளாக வந்தவர்கள் எல்லாரும் அவரைக் காட்டியே அப்பாவைக் குறை சொன்னார்கள். ஊரை விட்டுப் போனானாம், கேன்டீனில் தின்றானாம், செத்தானாம். கேட்டுக் கேட்டு எனக்கு அழுகையே நின்றுவிட்டது.

“அப்பா ஷிப்டுக்கு டப்பால என்னா எடுத்துனு போவாருன்னு தெரியுமா அத்த? களி. விடியக்காலைல நான்தான் கிண்டுவேன். பப்ஸ் சனிக்கெழம ஒண்ணே ஒண்ணு.”

“பத்தாவதே முடிக்கல, டாக்டராட்டம் பேச வந்துட்டா.”

“முடிக்கலதான். உங்கப்பா எந்தக் கேன்டீன்ல தின்னாரு? அவரும் ஐம்பது தாண்டலியே. நெஞ்சப் புடிச்சினுதான போனாரு?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரிய தாத்தா யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“நானும் எந்தம்பியும் ஒரே வட்டல்ல தின்னு வளந்தோம்.”

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பியைப் புதைத்து, இப்போது தம்பி மகனையும் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காட்டியா அப்பாவைத் திட்டுவது?

எனக்கு வந்திருப்பது அவர் ரத்தமா, அவர் தம்பி ரத்தமா, தெரியாது. அப்பாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி டாக்டர், என்னையும் இசிஜி எடுத்துப் பார்க்கச் சொன்னார். எடுப்பேன். என்ன வந்தாலும் வரட்டும். அப்பா தின்று செத்தார் என்று மட்டும் ஒருத்தரும் என் எதிரில் சொல்லக் கூடாது.

“கைய எடு அத்த.”

எடுத்தாள். ரெண்டு பப்ஸையும் இலையில் இருந்த களிக்குப் பக்கத்தில் வைத்தேன். சாஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து மேலே ஊற்றினேன். அப்பா அப்படித்தான் கிழிப்பார்.