கௌதமி அக்கா கொண்டுபோன குட்டிக் கட்டை

நான் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் போனை எடுத்தால் ஒரு குரல் கேட்கும்: "இன்னா பி.எஸ்ஸி., யார் வேணும்?" சில வாரங்களாக அந்தக் குரல் இல்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்திருந்த புதுப்பெண் "நம்பர் ப்ளீஸ்" என்று மட்டும் சொல்வாள். அன்று காலை நான் போனை எடுத்ததும் அவள் நம்பர் கேட்கவில்லை. "மேடம், உங்ககிட்ட முதல்ல சொல்லச் சொன்னாங்க. கௌதமி அக்கா விடியக்காலையில ஆஸ்பத்திரியில போயிட்டாங்களாம்," என்றாள். அப்புறம், "லைன் தரட்டுமா, மேடம்?" என்று கேட்டாள். நான் யாரைக் கூப்பிட எடுத்தேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

இந்த அலுவலக மலரில் இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரைக் குரலாக மட்டுமே அறிந்தவர்கள். சுரங்க அலுவலகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே நாற்காலியில் இருந்தவர். பொறுமைசாலி, சாந்தமானவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து மறுத்துப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. இங்கே மறுக்கிறேன். கௌதமி அக்காவுக்குப் பொறுமை கொஞ்சமும் கிடையாது. எனக்கு அவர்மேல் இப்போதும் கோபம்தான் வருகிறது.

எங்கள் பழக்கம் ஒரு மரக் கட்டையால் வந்தது. அலுவலகத்தில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட எக்ஸ்சேஞ்சை ஒட்டிய சின்ன அறை ஒன்றுதான் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிபன் பாக்ஸைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டு அங்கே அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அப்பா சுரங்கத்துக்குள் மர முட்டுக் கொடுக்கிற வேலையில் இருக்கிறார். அலுவலகத்தில் எல்லோரும் என்னைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்த்தார்கள். கௌதமி அக்கா மட்டும் நேராக ஒரு கட்டையின் துண்டுகளை என் முன் உருட்டிவிட்டார். "பி.எஸ்ஸி. தானே நீ? இத்தைச் சேர்த்துக் காட்டு."

அவர் தம்பி கார்ப்பென்டர் ஷாப்பில் வேலை செய்கிறவர். ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையில் யாரோ காட்டிய படத்தைப் பார்த்து, மீந்துபோன தேக்குத் துண்டுகளில் அவர் செய்தது அது. சின்னச் சின்னச் சதுரக் கட்டைகளை ஒட்டிச் செய்த ஏழு துண்டுகள். அவற்றைச் சரியாகச் சேர்த்தால் எல்லாப் பக்கமும் சமமான ஒரு பெட்டி வரும். தப்பாகச் சேர்த்தால் கடைசியில் ஒரு துண்டு கையில் நிற்கும், அதற்கு இடம் இருக்காது. அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்கு அப்படித்தான் நின்றது. அவர் என் கையிலிருந்து பிடுங்கினார். ரசம் சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டே மறு கையால் சேர்த்து முடித்தார்.

"எப்படிக்கா?"

"இன்னா எப்படி? உக்காந்துக்கிச்சு, அவ்ளோதான்."

இந்தப் பதிலோடுதான் நான் இரண்டு வருடம் போராடினேன். எத்தனை கேட்டாலும் முறையாகச் சொல்ல மாட்டார். சொன்னாலும் அவருடைய பாஷையில்தான் சொல்வார். எப்படிப் போட்டாலும் தட்டையாகப் படுக்காத ஒரு துண்டு உண்டு. மூன்று பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு அவர் வைத்த பெயர் சீஃப் கிளார்க். "இவரை முதல்ல ஒரு மூலையில உக்கார வச்சிடு. அப்பால வந்தாருன்னா எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லுவாரு." கையை விரித்தாற்போல் இருக்கும் துண்டுக்கு, "இதுக்கு முதுகு சாய ஓரம் வேணும், நட்டநடுவுல நிக்காது," என்பார். மூன்றே சதுரம் உள்ள சின்னத் துண்டு குட்டி. குட்டியை மேஜையில் வைக்கவே மாட்டார். இடது உள்ளங்கையில் மூடிக்கொண்டு மற்ற ஆறையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கையைத் திறப்பார். "குட்டி எங்க வேணா உக்காரும். அத்த முதல்லியே விட்டுட்டா அப்பால யாருக்கும் இடம் கொடுக்காது."

நான் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பேன். உடனே, "கட்டையையே இன்னாத்துக்குப் பார்த்துக்கினு கீறே? ஓட்டையைப் பாரு," என்பார். நான் ஓட்டையைப் பார்க்கத் தொடங்குவதற்குள், "குடு இங்க," என்று பிடுங்கிவிடுவார். என் கையால் ஒரு முறைகூட முழுதாக முடிக்க விட்டதில்லை.

ஒருநாள் அந்த அறையில் சீஃப் கிளார்க்கை மூலையில் உட்கார வைத்துவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தேன். தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. ஜன்னல் சட்டங்கள் கடகடத்தன. ஏர் பிளாஸ்ட். கீழே எங்கோ பாறை வெடித்திருக்கிறது. நான் கட்டியது மேஜைமேல் சரிந்தது. எக்ஸ்சேஞ்ச் போர்டில், அழைப்பு வந்தால் விழும் மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மொத்த ஊரும் ஒரே நேரத்தில் போனை எடுத்திருந்தது. போர்டுக்கு ஓடிய கௌதமி அக்கா அதிகாரிகளின் பெரிய பங்களா லைன்களைத் தொடவேயில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயிலிருந்து வந்த அழைப்பையும் ஆஸ்பத்திரியையும் முதலில் இணைத்தார், அப்புறம் ஆம்புலன்ஸ் ஷெட்டை. நான் கதவருகில் நின்றேன். அப்பா அந்த ஷிஃப்டில்தான் இருந்தார். நான் கேட்காமலே, காதிலிருந்து கருவியை எடுக்காமல், திரும்பாமல் சொன்னார்: "உங்க நைனா மேல வர்ற கேஜ்ல ஏறிட்டாரு. போய் மூஞ்சி கழுவு."

அன்று மாலை மேனேஜர் தம்மைக் காக்க வைத்ததற்காகக் கத்தினாராம். "கஷ்டமான இடத்தை முதல்ல அடைச்சேன். வசதியான ஆளுங்க காத்துக்கினு இருந்தா இன்னா?" என்று அக்கா என்னிடம் சொன்னார். கட்டைக்கும் அதுதான் வழி என்பதை அன்றைக்கே அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போய், வெகு நேரம் கழித்து, நானாகவே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சுரங்க கிளப் ஆண்டு விழாவில் அந்த வருடம் கட்டை சேர்க்கிற போட்டி வைத்தார்கள். அக்காவின் தம்பி இன்னொரு கட்டையும் செய்து கொடுத்திருந்தார். ஆண்களுக்கு மட்டும் என்றார் செயலாளர். பெண்களுக்கு ஸ்பூனில் எலுமிச்சம்பழம் இருக்கிறதே என்றார். "ரெண்டு பொம்பளைங்க பேர் கொடுத்தா வைப்பீங்களா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். வைப்பேன் என்று சொல்லிவிட்டார் செயலாளர். என்னைக் கேட்காமலே என் பெயரும் போய்விட்டது.

எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் பாலகாட் லைன் தொழிலாளர் வீடுகளிலிருந்து அத்தனை பேரும் வருவார்கள். அப்பாவும் வருவார். டிகிரி படித்த பெண் முழித்துக்கொண்டு நின்றால் அது எனக்கு மட்டுமா அவமானம்? அதனால் அவர் செய்வதை ஒவ்வொரு நாளும் எதிரே உட்கார்ந்து பார்த்து மனப்பாடம் செய்தேன். எந்தத் துண்டு எந்தப் பக்கம், எதன்மேல் எது என்று வரிசையாக.

மேடையில் மணி அடித்ததும் வரிசை தப்பாமல் வைத்தேன். சீஃப் கிளார்க் மூலையில் உட்கார்ந்தார். அடுத்தவையும் ஏறக்குறைய உட்கார்ந்தன. கடைசியில் மேலே வெற்றிடம் இருந்தது. ஆனால் அது கையிலிருந்த குட்டியின் வடிவத்தில் இல்லை. கலைத்துவிட்டு மறுபடி அதே வரிசையில் வைத்தேன். மறுபடியும் அதே. முறுக்கிக்கொண்டு நிற்கும் துண்டுகள் இரண்டு உண்டு. ஒன்று இடது பக்கம் முறுக்கியது, ஒன்று வலது பக்கம். எதிரே உட்கார்ந்து பார்த்ததால் எனக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் பதிந்திருந்தது. மற்ற ஐந்து துண்டுகளும் பக்கம் மாறினாலும் பொருந்திக்கொள்ளும். இந்த இரண்டும் அப்படியில்லை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் பிறகு புரிந்தது. அந்த மேடையில் புரிந்தது ஒன்றுதான். பக்கத்து மேஜையில் கௌதமி அக்கா முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து யாரோ, "காலேஜ்ல இத்தச் சொல்லிக் குடுக்கலியாம்மா?" என்றார்கள். ஜனம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி நடக்கும்போது வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சத்தம் போட்டேன். "எதிரே உட்கார்ந்து நான் தப்பாக் கத்துக்கறது உங்களுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என் கட்டையைத்தான் சேர்ப்பே. உன் கட்டையை எப்போ சேர்ப்பே?" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா உங்க நைனா முன்னாடி அப்படி ஆயிருக்க வேணாம். அத்த நான் யோசிக்கல," என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வருத்தம் அது. பையிலிருந்து தம் கட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "வீட்டுக்கு எடுத்துக்கினு போ. நான் பிடுங்க மாட்டேன்."

வீட்டில் விரல்கள் மெல்லக் கற்றுக்கொண்டன. மனப்பாடத்தை விட்டேன். முரண்டு பிடிப்பவற்றை முதலில் உட்கார வைத்துவிட்டு, மிச்சமுள்ள ஓட்டையைப் பார்த்துக் கை தானாக அடுத்ததை எடுக்கும்வரை போனேன். சாப்பாட்டு அறையில், விழாவுக்குச் செய்த கட்டையோடு அவரும் அவர் கொடுத்ததோடு நானும், மறுபடி போட்டி போட்டோம். தோற்றேன். ஆனால் ஒவ்வொரு முறையும் குறைவாகத் தோற்றேன். கடைசியாகப் போட்டியிட்ட அன்று அவர் குட்டியை வைத்து, "ஆச்சு!" என்றபோது நான் குட்டியைக் கையில் எடுத்திருந்தேன். அவர் முகம் மாறியது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். படுத்தபடியே குட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். "நான் இல்லாதப்போ பழகி ஜெயிச்சிடலாம்னு பாக்குறியா? இது என்கிட்ட கீது. வந்து வச்சிக்கிறேன்."

சாவு வீட்டில் புத்த பிக்கு பஞ்சசீலம் சொல்லி முடித்தபின் அக்காவின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "அந்தத் துண்டைக் கையிலேயே வச்சிக்கினு இருந்தாம்மா. எங்க போச்சுன்னே தெரியல." போர்வைகளை உதறினார்களாம், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்களாம். கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று செய்து தருவதாகத் தம்பி சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் இப்போது இருப்பவை ஆறு துண்டுகள். தினமும் சேர்க்கிறேன். அவரைவிட வேகமாகவே சேர்க்கிறேன் என்று நினைக்கிறேன், அதைப் பார்த்து முகம் மாற ஆள் இல்லை. எப்படித் தொடங்கினாலும், முடியும்போது மேல்பக்கம் ஓர் ஓரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டுகிற இடத்தில், குட்டியின் வடிவத்தில் ஓர் ஓட்டை விழும்படி சேர்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கட்டையை அப்படியே மேஜையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன். நான் என் பங்கை முடித்துவிட்டேன், அக்கா.