பெயரை மட்டும் மாற்றினேன்

நான் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக நாவல் எழுதுகிறவள். வேங்கிக்காலில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டுக் கவிதா பதினொன்றாம் வகுப்பு. ஒருநாள் டியூஷனுக்குப் போகாமல் வகுப்புப் பையனோடு கிரிவலப் பாதையில் நடந்ததையும், அவன் தன் கையைப் பிடித்ததும் பயந்து ஓடிவந்ததையும் என்னிடம் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி."

நான் சொல்லவில்லை, எழுதிவிட்டேன். பெயரை மட்டும் மாற்றினேன். அவளுடைய கிழிந்த பச்சைக் குடையைக்கூட மாற்றவில்லை. "நிஜப் பொண்ணு மாதிரியே இருக்கு" என்று வாசகர்கள் சொன்னபோது பெருமையாக இருந்தது.

புத்தகத்தை அவள் அம்மாவும் படித்தார். மறுநாளிலிருந்து கவிதா பள்ளிக்குப் போகவில்லை. நான் கீழே ஓடினேன்.

"எல்லாம் கற்பனைங்க" என்றேன் அவள் அம்மாவிடம்.

"அப்போ இவ ஏன் அழுவுறா?"

"தப்பு என் மேலதாங்க. என்னை நம்பித்தான் சொன்னா. படிப்பை நிறுத்திடாதீங்க" என்று கெஞ்சினேன்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். படிக்கட்டில் கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கதையில அந்தப் பொண்ணுக்கு ஒரு ஆன்ட்டி இருக்காங்கல்ல? அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இப்போது யாராவது பிள்ளைகள் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால், நான் எழுதுகிறவள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும் என்று இருக்கிறேன்.