பல்லாவரம் சந்தைக்குப் போன ஆர்க்கிட்

அந்த உடைந்த கூரை ஓடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதன் மேல் ஒரு வாண்டா ஆர்க்கிட், தடித்த வேர்களால் ஓட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. தாம்பரம் பிளாட்பாரமே வேடிக்கை பார்க்க, எங்கள் பள்ளி ஆர்க்கிட் மன்றத்தின் செயலாளர் அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மின்சார ரயிலுக்கு நின்றார். அவர் பன்னிரண்டாம் வகுப்பு, நான் ஒன்பதாம் வகுப்பு. பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வாண்டா நம் ஊர்ச் செடி. பெரிய மரங்களின் கிளைகளில் தொற்றி வளரும். மரத்தை வெட்டினால் அதுவும் குப்பை லாரியில் போய்விடும். இரும்புலியூரில் அப்படி வெட்டுப்பட்ட மரத்திலிருந்து மீட்டு, உடைந்த ஓட்டில் கட்டி வளர்த்ததுதான் அந்தத் தாய்ச்செடி. தூசி போன்ற அதன் விதைகளைப் பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடி பாட்டில்களில் முளைக்க வைத்தோம். பாட்டிலைத் திறக்கும்போது பேசினால் எச்சில் பட்டுப் பூஞ்சை பிடித்துவிடும் என்று வாய் திறக்கத் தடை. ஓயாமல் பேசும் அக்காவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. கன்றுகள் தேறின. பூக்கப் பல வருடமாகும். பள்ளியை விட்டுப் போவதற்குள் அத்தனையையும் ஊர் மரங்களில் ஏற்றிவிட வேண்டும் என்று அக்கா துடித்தார். "எல்லாம் ஒரே எடத்துல இருந்தா ஒரே நாள்ல வெட்டிடுவாங்கடி" என்பார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டோம். தேங்காய் மட்டையில் கட்டிய கன்றுகள், இலவசம். வாங்குகிறவர்கள் வீட்டு மரத்தில் கட்டினால் போதும். ஒருவரும் தொடவில்லை. புல்லுருவி என்று பயந்தார்கள். பக்கத்தில் கடை போட்டிருந்த பூக்காரம்மா சந்தைக்கே கேட்கும்படி சொன்னார்: "சும்மா குடுக்கறாங்கன்னா இன்னாமோ கீது. எங்க வூட்டு வேப்பமரத்து சாறெல்லாம் உறிஞ்சிடும்."

அக்கா விளக்க விளக்கக் கூட்டம் கரைந்தது. கன்றுகளை அப்படியே ரயிலில் திருப்பிக் கொண்டுவந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம்தான் அந்த ஓடு சந்தைக்கு வந்தது. நேராகப் பூக்காரம்மா முன்னால் கொண்டுபோய் வைத்தார் அக்கா. "பாருங்கம்மா, ஓட்டுல ஏது சாறு? மழையும் காத்தும்தான் இதுக்கு சாப்பாடு. வேர் சும்மா புடிச்சுக்கும், அவ்ளோதான்."

பூக்காரம்மா ஓட்டைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "அட, ஆமா! எனக்கு ஒண்ணு குடு."

அப்புறம் அவரே எங்களுக்கு விளம்பரம். மல்லி அளந்துகொண்டே, "எடுத்துகினு போங்கம்மா, மரத்துக்கு ஒண்ணும் ஆவாது!" என்று கூவினார். இருட்டுவதற்குள் மேசை காலி. அக்காவும் நானும் நடுச்சந்தையில் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன், மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். அக்கா வெளியூரில். போன வாரம் மன்றத்தின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வேப்பங்கிளையில் கொத்துக் கொத்தாக வாண்டா, பழுப்புக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா. அலுவலகம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் எனக்கு முன்பே கத்திக்கொண்டிருந்தார்.

படத்தோடு பூக்காரம்மாவின் குரலும் வந்திருந்தது: "மரம் நல்லாத்தான் கீது. பூ வாசன தெருவையே தூக்குது. பறிச்சு வித்துடலாம்னு கைய வெச்சேன், மனசு வரல. காய் புடிக்கட்டும், வெதைக்கு வந்து எடுத்துகினு போங்க. எதிர் வூட்டு மாமரம் சும்மாதான் கீது."