கழுவாத கிண்ணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். பரமத்தி வேலூருக்கு அருகே எங்கள் கல்லூரி முகாம் நடந்தது. வேதியியல் மாணவர்களான நாங்கள் ஊர்க் கிணறுகளின் நீரைச் சோதித்துச் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளை வாங்கிக் குவித்திருந்த என்னிடம் பேராசிரியர் கருவியை ஒப்படைத்திருந்தார். ரேடியோப் பெட்டி அளவுதான், பாட்டரியில் இயங்கும். அதன் கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் நீரை ஊற்றினால், அது மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் கொண்டு, கரைந்திருக்கும் உப்பை முள் காட்டிவிடும்.

அன்று ஓர் இளம் தம்பதியின் புதுக் கிணறு. இரண்டு கோடைக்காலம் இருவருமே இறங்கி வெட்டியது. வாய்க்காலை அடைக்கும் மாதங்களில் அந்த நீர் காப்பாற்றும் என்று நம்பி, வெற்றிலைக் கொடிக்கால் போடவிருந்தார்கள். கொடி படர்வதற்கான அகத்தி வளர்ந்து நின்றது. நடவேண்டிய கொடிகள் ஈரச் சாக்கில் காத்திருந்தன.

வேடிக்கை பார்க்கக் கூடிய ஊர்க் கூட்டத்தைக் கண்டதும் எனக்கு அது மேடையாகிவிட்டது. கருவியைச் சரிபார்க்கும் உப்புக் கரைசலை முதலில் ஊற்றிக் காட்டினேன். அதைக் கொட்டிவிட்டு, அறிவியலின் பெருமையை முழங்கியபடியே கிணற்று நீரை ஊற்றினேன். முள் துள்ளி ஏறியது.

"இந்த நீர் கொடிக்காலுக்கு ஆகாது!"

"குடிச்சா நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் அந்தப் பெண்.

"நாக்கை ஏமாற்றலாம், இந்த முள்ளை ஏமாற்ற முடியாது!"

கைதட்டினார்கள். கணவர் மட்டும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் பெட்டியை அடுக்கும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை அலசக் கொடுத்திருந்த, உப்பே இல்லாத வாலைவடிநீர்ப் புட்டியின் மூடி திறக்கப்படவேயில்லை. முள் காட்டியது கிண்ணத்தில் ஒட்டியிருந்த என் கரைசலின் உப்பை!

நாமக்கல் பேருந்து வந்து நின்றது. கைதட்டியவர்கள் முன்னிலையிலேயே போய்த் தலைகுனிவதா? நடத்துநர் விசில் ஊதினார். நான் ஏறவில்லை.

திரும்பிச் சென்றபோது கணவர் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குங்க. வாடறதுக்குள்ள அவராச்சும் நடட்டும்."

"எறக்கி வைங்க. தப்பு என்னுதுங்க. கிண்ணத்தக் கழுவாம ஊத்திட்டேன்."

பழகி வைத்திருந்த அடுக்குமொழி ஒன்றுகூட வாயில் வரவில்லை. மூன்று முறை அலசி, மீண்டும் அளந்தேன். முள் சற்றே அசைந்து, கீழேயே நின்றது. நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தேன். அப்போதும் அங்கேயேதான். அவர் சாக்கை இறக்கி, உள்ளே கைவிட்டுக் கொடிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பேச்சாளரே, இதுக்கும் கைதட்டோணுங்களா?" என்று மறுபடியும் கூடிவிட்டவர்களில் ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

"சும்மா இருங்க. பஸ்ஸ உட்டுப்போட்டு வந்து சொல்றாருல்ல" என்று அவரை அடக்கிய அந்தப் பெண், ஒரு சொம்பை என்னிடம் நீட்டினார். "பேசிப் பேசித் தொண்ட காஞ்சிருக்கும். குடிங்க சாமி."

அதே கிணற்று நீர். அத்தனை இனிப்பாக இருந்தது.

இன்றும் மேடையில் கைதட்டல் எழும்போதெல்லாம் மூடி திறவாத அந்தப் புட்டி என் கண்முன் வந்து நிற்கிறது. தொண்டையிலோ அந்தச் சொம்பு நீரின் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது.