பிரம்பு மட்டும் கையில் நின்றது

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்தபோது கையில் இருந்தது ஒரு கத்தியும், பிரம்பு பிளக்கத் தெரியும் என்கிற தைரியமும்தான். பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பிய்ந்துபோன நாற்காலிகளுக்குப் பின்னல் போட்டேன். கன்னடம் தெரியாது. உருது தெரியாது. போலீஸ்காரர் துரத்தினால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியாது...

இன்று இரண்டு மாடிக் கடை. வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட் பால்கனிகளில் தொங்குகிற கூடை ஊஞ்சல்களில் பாதி என்னுடையவை. ஒரு ஹோட்டல் லாபி முழுக்க நான் செய்தது. மூன்று பிள்ளைகளையும் காலேஜ் வரை படிக்க வைத்தேன். கையெழுத்துப் போடவே திணறுகிற ஆள் வாராவாரம் பத்தி எழுதுகிறேன் – நான் சொல்ல, மருமகள் டைப் செய்ய.

"மாமா, இதையெல்லாம் போன வாரமே சொல்லிட்டீங்க" என்கிறாள். இருக்கட்டும். இருக்கிறதைத்தானே சொல்கிறேன்?

ஆனால் இந்த வாரம் விஷயம் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் தனபால் வீட்டுக்குப் போனேன். பாத்ரூம் பக்கம் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி ஈரத் துணி போட்டிருந்தார்கள். நல்ல மூங்கில். கணுவை இழைத்து, நெருப்பில் வாட்டி நேராக்கி, ஒரு வருஷம் நிழலில் காய வைத்தது. தூண்டில் கழியாக வேண்டியது. அதில் லுங்கி தொங்குகிறது.

அதற்குக் காரணம் நான்.

தனபாலும் நானும் தங்கவயலில் ஒரே லைன் வீட்டுப் பிள்ளைகள். அவன் பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் டர்னராக இருந்தான். ரிடையர் ஆனதும் தூண்டில் கழி செய்ய உட்கார்ந்தான். அதிகம் வாய் திறக்காத ஆள். நான் பேசுவேன், அவன் கேட்பான் – எங்கள் சிநேகிதம் இப்படியே ஓடியது.

ஆனேக்கல் பக்கத்து ஏரி ஒன்றில் ஞாயிறுதோறும் மீன் பிடிக்க ஐ.டி. ஆட்கள் கொஞ்சம் பேர் கூடுவார்கள். அதில் பிரகாஷ் என்று ஒரு மேனேஜர். தனபாலின் கழியை வாங்கித் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். நன்றாக வந்தால் எங்கள் செட் முழுக்க உங்களிடம்தான் வாங்கும் என்றும் சொன்னார். வெளியாளுக்காகத் தனபால் செய்கிற முதல் கழி அது. நாலு மாதம் இழைத்தான். பிரம்பு சுற்றினால் ஈரக் கையிலும் பிடி வழுக்காது என்று கைப்பிடி வேலைக்கு மட்டும் என்னிடம் கொண்டுவந்தான்.

பிரம்பு என்றால் நான்தானே?

அவன் சொன்னது ஒன்றே ஒன்று. "லேசா நனைச்சு சுத்துபா. நாலு நாள் காயட்டும். அப்பால வார்னிஷ் அடி."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கே பாடமா? "தனபாலு, நீ இரும்பு கடைஞ்ச ஆளு. பிரம்பைப் பத்தி என்கிட்ட பேசாத" என்றேன். கடையில் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நாற்காலிக்காரன் புத்தி என்று ஒன்று இருக்கிறது. நாற்காலிக்குச் சுற்றுகிற பிரம்புப் பட்டையை நாள் பூராவும் தொட்டியில் ஊறப் போடுவோம். அப்போதுதான் வளைவில் முறியாது. சுற்றி முடித்து இரண்டு முனையிலும் குட்டி ஆணி அடித்துவிடுவோம். காய்ந்து சுருங்கினாலும் ஆணி பிடித்துக்கொள்ளும். நாற்காலிக் காலை யார் பிடித்து இழுக்கப் போகிறார்கள்?

தூண்டில் கழி அப்படியில்லை. ஆணி அடித்தால் மூங்கில் பிளந்துவிடும். பசையும் சுற்றின் இறுக்கமும்தான் பிடிமானம். ஊறி உப்பிய பட்டையில் பசை பிடிக்காது. காயக் காயப் பட்டை சுருங்கி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விழும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கை தனக்குப் பழகினதைச் செய்துவிட்டது. நாள் பூரா ஊறப் போட்டேன். சுற்றினேன். அந்த நேரம் பார்த்து, பிரகாஷ் கேட்கிறார் என்று தனபால் போன் செய்தான். என் வாய் சும்மா இருக்குமா... நாளைக்கே வந்து எடுத்துக்கொள் என்றுவிட்டது. உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே வார்னிஷ் அடித்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

தனபால் வந்து விரலால் தடவிப் பார்த்தான். "காஞ்சிதா?"

"கல்லு மாதிரி கீது" என்றேன்.

நம்பினான். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

மூன்று வாரம் கழித்து ஏரிக்கரையில் எல்லோரும் கூடினோம். முள்ளில் ராகி உருண்டை வைத்து வீசினார் பிரகாஷ். அரை மணி நேரத்தில் நல்ல கனமான மீன் ஒன்று இழுத்தது. கழி வில்லாக வளைந்தது. முறியவில்லை. தனபால் செய்த மூங்கில் முறியுமா? பிரகாஷ் இரண்டு கையாலும் பிடியை இறுக்கினார். அடுத்த நொடி, சட்டையிலிருந்து கை உருவிக்கொள்கிற மாதிரி, பிரம்புச் சுற்றுக்குள்ளிருந்து கழி உருவிக்கொண்டு போய்விட்டது. பிரம்பு மட்டும் அவர் கையில் நின்றது. கழி நடு ஏரிக்குப் போய், முழுகி, காணாமலே போனது.

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹேண்ட்மேட் என்றால் இதுதானா என்று ஒருவர் கேட்டார். பிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பிரம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை யார் சுத்தினது?" என்றார்.

நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். அன்று காலையில்தான் அவர்களில் மூன்று பேருக்கு ஊஞ்சலுக்காக என் விசிட்டிங் கார்டு கொடுத்திருந்தேன்.

தனபால் என்னைப் பார்த்தான். ஒரு விநாடி. அப்புறம் சொன்னான்: "எல்லாம் நான் செஞ்சதுதான் சார். சரியா காயல. என் தப்பு."

கல்யாண வீடு, கடை, பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் ஓயாத என் வாய் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் மெட்ரோவைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. அப்புறம் யாரும் அவனிடம் கழி கேட்டு வரவில்லை. அவனும் ஏரிப் பக்கம் போகவில்லை. எனக்கு இரண்டு ஊஞ்சல் ஆர்டர் வந்தது. எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு அந்த லுங்கியைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை. பிரகாஷுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். தனபால் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வுடுபா. உனக்குக் கடை கீது, பேர் கீது. நான் பென்ஷன் ஆளு, எனக்கு இன்னாத்துக்குப் பேரு?" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே எனக்காகச் சொன்னான்.

வெளியே வந்து, தெரு முனையில் நின்றே போன் போட்டு, சுற்றியது நான் என்று சொல்லிவிட்டேன். பிரகாஷ் கார்பன் கழி வாங்கிவிட்டாராம். "பரவாயில்லை அங்கிள், அதை அப்பவே மறந்துட்டோம்" என்றார். மறந்தார்களா? போன மாதம் என் கடைக்கு வந்த ஒருவர், தனபால் என்று ஒரு ஆள், அவர் கழியில் பிடி கையோடு கழன்று வரும் என்று எனக்கே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கும் நான் டீ வரவழைத்துக் கொடுத்தேனே தவிர...

ஆகவே, ஏரிக்கரை நண்பர்களே, இது உங்களுக்கு. அந்த மூங்கிலைத் தேடிப் பிடித்தது தனபால். வாட்டியது தனபால். அவ்வளவு பெரிய மீனுக்கும் முறியாமல் வளைய வைத்தது தனபால். நாலு நாள் காய வை என்று முன்னாடியே சொன்னதும் அவன்தான். கையோடு வந்த பிரம்பு என்னுடையது. சிவாஜிநகர் நாற்காலிக்காரனுடையது.

இனிமேல் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் – என் வேலையை இன்னொருத்தன் கணக்கில் எழுத நான் விடமாட்டேன்.